கைராசிக்காரர்

கணினித்திரை விட்டுவிட்டு மினுங்கத் தொடங்கினால் எந்த அலுவலகத்திலும் முதலில் தேடப்படுபவர் ஒருவர் உண்டு. அவர் தபால் பிரிவில் இருக்கலாம், கணக்குப் பிரிவில் இருக்கலாம். கணினிக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கவேண்டியதில்லை. வருவார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். திரையின் முதுகில் இரண்டு தட்டு, ஒயரில் ஓர் அழுத்து, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுதல். படம் வந்துவிடும். “அவ்வளவுதான் சார்” என்பார். ஆனால் காபி வரும்வரை நகரமாட்டார். அவருடைய கைராசியில் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கு உண்டு. விட்டுவிட்டு வரும் கோளாறு பெரும்பாலும் தானே வந்து தானே போகிறது. போகிற நேரத்தில் யார் கை திரைமேல் இருக்கிறதோ அவருக்கு நிபுணர் பட்டம். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வந்தது. ஒரு புறா வட்டமடிக்கத் தொடங்கியது, ஒன்று தலையை ஆட்டியது, தீனிக்குக் காரணமே அதுதான் என்பதுபோல. புறாக்களுக்குக் காபி மட்டும் கிடைக்கவில்லை.

பழைய பெட்டி மானிட்டர் தட்டினால் சரியானதே என்று கேட்பார்கள். சரியானதுதான். உள்ளே சூடேறியும் ஆறியும் சால்டர் பற்றில் நுண்ணிய விரிசல் விழும். தட்டினால் விரிசல் ஒட்டிக்கொண்டு படம் வரும். ஆனால் மெக்கானிக்குக்கு அந்தத் தட்டு ஒரு சோதனை மட்டுமே. பிறகு பெட்டியைத் திறந்து மறுபடி சால்டர் வைப்பார். நம்மவர் சோதனையையே வைத்தியமாக வைத்துக்கொண்டார், படக்குழாய் போய்த் தட்டைத்திரை வந்த பிறகும். இன்றைக்குக் கோளாறு பல நேரம் ஒயர் முனையில்தான் இருக்கிறது. விஜிஏ முனையில் 15 ஊசிகள், பக்கத்துக்கு ஒரு திருகு. அந்தத் திருகுகளை முடுக்கியவரைக் காண்பது அரிது. நீல நிறத்துக்கான ஊசி தொடர்பு விட்டால் வெள்ளைப் பக்கம் மஞ்சளாகும். “கலர் டியூப் அவுட்” என்பார், டியூபே இல்லாத திரையைப் பார்த்து. இன்னொரு விசித்திரமும் உண்டு: கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்காரும்போதோ எழும்போதோ உண்டாகும் மின்காந்தத் துடிப்பு ஒயரில் ஏறி, திரை ஓரிரு நொடி இருண்டுவிடலாம். திரை இணைப்புத் தொழில்நுட்பம் தரும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே இதைத் தன் உதவிக்குறிப்பில் சொல்லியிருக்கிறது. நம்மவர் “கொஞ்சம் எழுந்திருங்க” என்று நாற்காலியைப் பிடித்து உட்காரும்போது திரை போய், கை வைப்பதற்குள் திரும்பி வந்தால், அதுவும் அவர் கணக்கில்தான்.

சர்வீஸ்காரர் வந்தால் திரை சமர்த்தாக எரியும், வந்ததற்குக் கூலி மட்டும் தண்டம். இவர் இலவசம்தானே என்பது அடுத்த வாதம். நியாயம்தான், ஆனால் இலவசமாக வேறு வழியும் இருக்கிறது. மினுங்கும்போது மானிட்டரின் மெனு பொத்தானை அழுத்தலாம். படத்தோடு மெனுவும் மினுங்கினால் பெரும்பாலும் கோளாறு மானிட்டரில்; மெனு அசையாமல் நின்றால் ஒயரிலோ கணினியிலோ. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்கவேண்டும். காத்திருப்பதுதான் அவருக்கு ஆகாது. தட்டு, அழுத்து, சுவிட்ச் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுவதால் எது பலித்தது என்று அவருக்கும் தெரியாது. புது ஒயருக்கு இன்டென்ட் போடலாமா என்று யாராவது கேட்டால், “நான் இருக்கும்போது அது எதுக்கு சார்?” என்பார், உண்மையான வருத்தத்தோடு.