நிதிப் பிரமாணம் 66உம் ஒரு பிடி அரிசியும்

அரசாங்கக் கந்தோரில் இலிகிதராகச் சேர்ந்து, கதிரை மாறாமல் பெயர் மட்டும் ‘முகாமைத்துவ உதவியாளர்’ என்று மாறி, ஓய்வு பெற்றவன் நான். பணத்தைப் பற்றிப் பேச இதைவிடத் தகுதி வேண்டுமா? உத்தியோக காலம் முழுக்க அடுத்தவன் காசைத்தான் எண்ணியிருக்கிறேன். சிலாவத்துறையில் ஒருவருக்கு அஸ்வெசும உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப வேண்டுமா, பள்ளிவாசல் கணக்கில் இருநூறு ரூபா இடிக்கிறதா, என்னைத்தான் தேடி வருவார்கள். முசலிப் பிரதேசத்தில் என் கணக்குக்கு மதிப்பில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கேதான் நான் சாப்பிட்டுப் படுக்கிறேன்.

மாதம் பிறந்தால் சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு விறாந்தையில் உட்காருவேன். சிவப்பு மையில் தலைப்பு, நீல மையில் தொகை. தலைப்பு 1: அரிசி, மா, சீனி. தலைப்பு 2: மீன், மரக்கறி. தலைப்பு 3: கரண்ட், தண்ணீர், போன். தலைப்பு 4: கடைசி மகளின் ரியூசன். தலைப்பு 5: மருந்து. தலைப்பு 6: பெற்றோல், தபால். தலைப்பு 7: எதிர்பாராதவை. அரசாங்கத்தில் நிதிப் பிரமாணம் 66 என்று ஒன்று உண்டு. ஒரு தலைப்பில் மிச்சமான காசை இன்னொரு தலைப்புக்கு மாற்றுவதற்கான விதி அது. காரணம் எழுத வேண்டும், உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். வீட்டில் அந்த உரிய அதிகாரி நான்தான் என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இருந்தும் ஒரு நாள் தலைப்பு 4இல் இருந்த ரியூசன் காசு, மத்தியானம் ஒரு பாரை மீனாகிச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.

“இதற்கு யார் அனுமதி தந்தது?” என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

“பாரை உங்கட கொப்பியப் பாத்துட்டா வலைக்குள்ள வருது? மலிவா வந்திச்சி, வாங்கினேன். ரியூசன் மாஸ்டருக்கு வெள்ளிக்கிழம குடுக்கலாம். மீன் வெள்ளிக்கிழம வரைக்கும் நிக்குமா?”

நிதிப் பிரமாணங்களில் இதற்குப் பதில் தேடினேன். மீனைப் பற்றி அவை எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை.

குற்றம் என் கொப்பியில் இல்லை, இந்தக் கரையில். முசலிக்குக் காசு எந்தக் காலத்திலும் மாதச் சம்பளமாக வந்ததில்லை. அகத்திமுறிப்புக் குளத்தில் தண்ணீர் நின்றால் மாசி, பங்குனியில் நெல் வரும், நிற்காவிட்டால் வராது. சோளகக் காற்று எழும்பினால் படகுகள் கரையேறிவிடும். என் ஓய்வூதியம் ஒன்றுதான் திகதி தவறாமல் வருகிறது. அது வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை. மச்சானோடு கூட்டாகச் செய்கிற வயலும், அவருடைய படகில் எங்களுக்குள்ள பங்கும்தான் வீட்டைத் தூக்கி நிறுத்துகின்றன. வரவு மொத்தமாக எப்போதாவது வரும். செலவு சில்லறையாக, பெருநாள் என்றும் பாராமல் வரும்.

பெரிய பெரிய ஆட்களே இந்தக் கரைக்கு வந்துதான் கணக்குப் பிழைத்திருக்கிறார்கள். பிரித்தானியர் வந்த கையோடு 1796, 1797, 1798 என்று மூன்று வருடமும் விட்டுவைக்காமல் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடத்தினார்கள். காசு கொட்டியது. கடலடிப் பார்களில் சிப்பி வளர நேரம் கொடுக்காததால் அடுத்த வருடமே வருமானம் சரிந்தது. அதன் பிறகுதான் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கென்று அரிப்புக் கடற்கரையில் கிரேக்க டொரிக் தூண்களோடு ஒரு மாளிகை எழுப்பினார். 1801இல் தொடங்கிய வேலை 1804இல் முடிந்தது. வருமானம் விழுந்த பிறகு மாளிகை கட்டுகிற தைரியம் தேசாதிபதிகளுக்கும் என் மச்சானுக்கும் மட்டும்தான் உண்டு. எங்கள் ஆட்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்கிற அந்தக் கட்டடத்தைக் கடல் இப்போது தவணை முறையில் அறவிட்டுக்கொண்டிருக்கிறது.

நூறு வருடம் கழித்தும் யாருக்கும் புத்தி வரவில்லை. 1905இல் நடந்த சலாபம் பெருஞ்சலாபம். அந்தச் சூட்டில் 1906இல் லண்டன் கம்பனி ஒன்று, வருடம் 310,000 ரூபா வீதம் 20 வருடத்துக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு அவர்களுக்குக் குளித்தெடுக்கத் தகுந்த அளவுக்குச் சிப்பி கிடைக்கவில்லை, கம்பனி கலைந்தது. அவர்களிடமும் சிவப்பு மை, நீல மை இரண்டும் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் வீட்டுக்காரி இந்தச் சரித்திரம் எதையும் படித்தவள் இல்லை. அவளுடைய கணக்கில் ரூபாவுக்கு ஒரு பத்தியே கிடையாது. கையில் காசாக எதையும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே நிதிப் பிரமாணம். நெல் விளைந்தால் வீட்டுக்குரிய மூட்டைகள் முதலில் உள்ளே போகும், மிச்சம்தான் ஆலைக்காரருக்கு. விற்ற காசு ஓர் இரவுகூட வீட்டில் தங்காது, சீட்டுக்குப் போகும். சீட்டு விழுந்தால் மன்னார் ரவுனுக்குப் போய் ஒரு காப்பாகத் திரும்பி வரும். “காசா இருந்தா நீங்க கேப்பீங்க. காப்பக் கேக்க மாட்டீங்களே” என்பாள். வங்கி முகாமையாளர்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை.

அவள் அரிசி அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுண்டைத் தலை தட்டி அளப்பாள். எல்லோருக்கும் உரியது சுளகில் விழுந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருக்கிற மண்பானைக்குள் போடுவாள். காலையில் ஒரு பிடி, இரவில் ஒரு பிடி. சோற்றில் அந்தக் குறைவு யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் பானையில் மட்டும் தெரியும். எங்கள் உம்மாமாரும் இதைத்தான் பிடியரிசி என்று செய்தார்கள். இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எடுத்ததும் எங்கள் அரிசி, போட்டதும் எங்கள் பானை. கணக்கியலின்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் பானை நிறைந்திருக்கிறது.

கருவாடும் அப்படித்தான். மீன் விலை ஏறிய நாளில் அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். கரையில் மீன் குவிந்து வியாபாரிகள் முகம் சுளிக்கிற நாளில் பெட்டியோடு தூக்குவாள். கட்டாவை முதுகால் பிளந்து விரித்து, குடல் களைந்து, பூக்கழற்றி, உப்பை விரலால் தலைக்குள்ளும் திணித்து ஓர் இரவு வைப்பாள். விடிய அலசி ஓலைப்பாயில் பரப்பினால் கொண்டச்சி வெயில் மிச்ச வேலையைச் செய்யும். வெயிலுக்குக் கூலி இல்லை. காகம் விரட்டுவதற்கும் கூலி இல்லை. அந்தப் பதவிக்கு ஓய்வு பெற்ற முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் நிரந்தர அடிப்படையில் நியமிக்கப்பட்டிருக்கிறார்.

இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற வீட்டில் வயிற்றை வாட்டுகிறாள் என்று நினைக்க வேண்டாம். சோளகம் அடித்துக் கடலில் படகு இல்லாத நாளில் எங்கள் வீட்டில் திருக்கைக் கருவாட்டு ஆணம், முருங்கையிலைச் சுண்டல், இடித்த சம்பல், வீட்டு நெல்லுச் சோறு. அதே நாளில் மச்சான் வீட்டில் தகர மீன். என் கொப்பியின்படி அந்த மாதம் இரு வீடும் சமமாகச் செலவு செய்திருந்தன.

2022இல் ஒரு பரீட்சை வந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. 203 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. 2021 கடைசியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூனில் 470. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. ஒவ்வொரு தலைப்பிலும் தொகையை வெட்டித் திருத்தித் திருத்திக் கொப்பியே சிவந்துபோயிற்று. குறைநிரப்பு மதிப்பீடு, அதற்கொரு குறைநிரப்பு, அதற்கும் ஒன்று. வங்கியில் நான் பெருமையாகப் போட்டு வைத்திருந்த சேமிப்பு ஒரு ரூபாவும் குறையவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து பாதிக்கு ஆளில்லாமல் போயிற்று.

அவளுடைய கணக்கில் எதுவும் நடக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் அந்தப் போகம் விளைச்சல் படுத்துவிட்டது. ஆனாலும் முந்திய போகத்து மூட்டை உள்ளே இருந்தது. ரூபா கீழே விழ விழக் காப்பு தானாக மேலே ஏறியது. ‘நவீனமயமாக்கல்’ என்று தனித் தலைப்புப் போட்டு நான் வாங்கிய கேஸ் அடுப்புக்கு நாடு முழுக்க வரிசையில் நின்றும் கேஸ் இல்லை. அவள் இடிக்காமல் வைத்திருந்த விறகடுப்பில் பனை மட்டையும் தென்னம் பாளையும் எரிந்தன. ரூபாவில் எழுதிய கணக்கு ரூபாவோடு சேர்ந்து விழும் என்பது பொருளாதாரம். அவள் அதைச் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டு என் கொப்பியை ஒரு பார்வை பார்த்தாள். பொருளாதாரத்தை அவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கி நான் கண்டதில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் நான் விட்டுக் கொடுப்பதாக இல்லை. அது கரண்ட். 2022 ஓகஸ்டில் கட்டணத்தைச் சராசரி 75 வீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். மாதம் 60 அலகைத் தாண்டினால் வீடு வேறு வகுப்புக்குப் போய்விடும், வீதமும் மாறிவிடும். ஆகவே இரவில் டோர்ச் அடித்து மீற்றர் பார்ப்பதும், ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துவதும், ஆளிருக்கிற அறையில் நிறுத்துவது பற்றி ஆலோசனை சொல்வதும் என் வேலை. நோன்பு மாதத்தில் 60க்குள் நிற்போம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தால், அஸர் தொழுகை முடிய அயல்வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு கையிலும் இரண்டு தண்ணீர்ப் போத்தல். “மாமி, குளிருக்கு வைக்கட்டாம்.” முழுத் தெருவும் எங்கள் ஃபிரிட்ஜுக்குள். மீற்றர் வட்டம் சுற்றுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவள் போத்தலுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள்.

அதோடு முடிவதில்லை. கஞ்சி காய்ச்சினால் நாலு வீட்டுக்கு, பெருநாளைக்கு வட்டிலப்பம் பத்து வீட்டுக்கு, கலியாணம் விசாரிக்க வந்தவர்களுக்குச் சகனில் சோறு. இதையெல்லாம் ‘திரும்பி வராத செலவு’ என்று ஒரு தடவை தலைப்புப் போட்டேன். அவள் அதை வாசித்துவிட்டுச் சத்தம் போடவில்லை. தன் உம்மாவின், அதாவது என் மாமியின், கதையைச் சொன்னாள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலி ஊர்களும் வெறிச்சோடின. மாமி வீட்டில் நெல் மூட்டை இருந்தது, மாடு இருந்தது, ஒரு பீப்பா நிறையக் கருவாடு இருந்தது. மூட்டையும் மாடும் பீப்பாவும் இருந்த இடத்திலேயே இருக்க, ஆட்கள் மட்டும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே முதல் நாள் சோறு கொண்டுவந்து வைத்தது, முன்பு கருவாடு வாங்க ஊருக்கு வந்துபோன ஒரு வியாபாரியின் வீட்டுப் பெண்கள். வரும்போதெல்லாம் மாமி அவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லையாம். “நெல்லையும் கருவாட்டையும் விட்டுட்டு ஓடினம். உம்மா ஊட்டின சோறுதான் எங்களுக்கு முந்திப் புத்தளத்துக்குப் போய் நிண்டிச்சி” என்றாள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி வந்து, பற்றைக்காடு வெட்டி, வீடு கட்டிய பிறகும் அவள் மறக்காத கணக்கு அது ஒன்றுதான். தலைப்பை வெட்டினேன். எழுத்துப்பிழை இருந்ததாகச் சொல்லித்தான் வெட்டினேன்.

இப்போது என் வரவு செலவுத் திட்டம் நன்றாக முன்னேறியிருக்கிறது. முன்பெல்லாம் மாதம் பிறந்ததும் எழுதுவேன், மாதக் கடைசியில் எதுவும் பொருந்தாது. இப்போது மாதம் முடிந்த பிறகு எழுதுகிறேன். அவள் என்னென்ன செய்தாள் என்று அடுப்படியில் கேட்டு, அதையே மதிப்பீடாக நீல மையில் போட்டு, பக்கத்தில் உண்மைச் செலவைச் சிவப்பு மையில் போட்டால் ஒரு சதம் பிழைப்பதில்லை. எந்தத் திறைசேரியும் இவ்வளவு துல்லியமாகக் கணித்திருக்காது.

இந்த முறையைக் கேள்விப்பட்டு ஓய்வூதியக்காரர்கள் சிலர் என்னிடம் படிக்க வருகிறார்கள். பொற்கேணியிலிருந்து ஒருவர், வேப்பங்குளத்திலிருந்து ஒருவர், மறிச்சுக்கட்டியிலிருந்து இருவர். முதல் பாடம் முடிவதற்குள் சோற்று நேரம் வந்துவிடுகிறது. அவள் இன்னும் இரண்டு சுண்டு கூட அளக்கிறாள். இரண்டாம் பாடத்துக்கும் ஒருவர் தப்பாமல் வந்துவிடுகிறார்கள். கொப்பி மட்டும் யாரும் கொண்டு வருவதில்லை.