பாதி வண்டி, முழு டர்போ

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கிள்ளானில் இளைஞராகத் திரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து கார்கள் அப்போது பாதியாக வரும். முன்கண்ணாடியோடு குறுக்கே அறுத்த முன்பாதி மட்டும், எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயர்க் கொத்து, ஸ்டீயரிங், சில சமயம் யாரோ ஒரு ஜப்பானியர் கண்ணாடியில் தொங்கவிட்ட கோயில் தாயத்து உள்பட, கண்டெய்னரில் வந்து இறங்கும். அங்கே இரண்டு வருஷத்துக்கொரு தரம் வரும் 'ஷாக்கென்' பரிசோதனைச் செலவுக்குப் பயந்து நன்றாக ஓடுகிற வண்டியையே கைகழுவிவிடுவார்கள். இங்கே முழுக் காராக இறக்கினால் வரியும் பெர்மிட்டும் கழுத்தை நெரிக்கும், அறுத்துவிட்டாலோ அது வெறும் உதிரிப்பாகம். 'ஹாஃப் கட்' என்ற அந்தச் சரக்கு தகரக் கொட்டகைகளில் வரிசையாக மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்க, நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் கல்யாணப் பெண்ணைப் போல நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நின்றுகொண்டிருப்பேன்.

நம் நாட்டுக் கார்களின் ஜாதகமும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. 1993இல் வந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரின் உடன்பிறப்பு. அதனால் லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் டர்போவோ, வசதியிருந்தால் எவோவின் 2 லிட்டர் 4ஜி63 எஞ்சினோ அதன் பானெட்டுக்குள் அதிகம் முரண்டு பிடிக்காமல் உட்காரும். வசதியில்லாத எங்களுக்குக் கஞ்சில். 1994இல் வந்த அந்தக் குட்டி வண்டி, டைஹாட்சு மீராவின் மறுபிறவி. 30 சொச்சம் குதிரைத்திறனோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது, உள்ளே இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்களால் ஆன உதவியைச் செய்வார்கள். அதே 660 சிசியில் மீராவின் நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின் 64 குதிரைத்திறன் தந்தது. சாலை வரியோ சிசி கணக்கில். ஆகவே சக்தி இரட்டிப்பானாலும் வருஷத்துக்கு அதே 20 ரிங்கிட்தான். (எஞ்சின் மாற்றத்தை முறைப்படி பதிய வேண்டும் என்பது தனிக்கதை, அதை எல்லாரும் சௌகரியமாக மறந்திருப்போம்.)

அந்த 64க்கும் ஒரு வரலாறு உண்டு. 1987இல் சுசுகி ஆல்டோ வொர்க்ஸ் அந்த எண்ணைத் தொட்டதும், குட்டிக் கார்கள் இனி இதற்கு மேல் போக வேண்டாமென்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டன. பெரிய கார்களுக்கு 280 என்ற எல்லை 2004 வரை காகிதத்தில் கட்டிக்காக்கப்பட்டது. அவர்கள் இத்தனை மரியாதையாக நிறுத்திய இடத்தில்தான் எங்கள் ஒர்க்‌ஷாப் போர்மன் ஆரம்பிப்பார். "பூஸ்ட் கொஞ்சம் ஏத்தலாமா, தம்பி?" என்று அவர் கேட்பதே ஒரு மரியாதைக்குத்தான்.

மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்க வேண்டும்; அதுவரை பூஸ்ட் மீட்டரின் முள் சோம்பல் முறித்துக்கொண்டிருக்க, பக்கத்து சீட்காரன் "இதுக்கா இவ்ளோ செலவு பண்ணே?" என்று கேட்க வாயெடுப்பான், முடிக்க மாட்டான், அதற்குள் முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கும். காராக் நெடுஞ்சாலை மேட்டில் பெரிய ஜெர்மன் கார்க்காரர் ஒருவர், தன்னைக் கடந்துபோவது கஞ்சில்தானா என்று கழுத்தை நீட்டிப் பார்த்ததை நான் இன்னும் செலவழித்துத் தீர்க்கவில்லை. சத்தம் காதில் விழ வேண்டுமென்று கண்ணாடியை இறக்கி, சக்தி குறையுமென்று ஏர்கானை அணைத்து, பெண் பார்க்கப் போன வீட்டில்கூட சட்டை முதுகோடு ஒட்டத்தான் போய் இறங்கினேன்.

அப்புறம் அந்த டர்போ டைமர். ஓடிவந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தினால் டர்போவுக்குள் எண்ணெய் கருகிவிடும் என்பதால், சாவியை உருவிய பிறகும் ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிடும் குட்டிப் பெட்டி. மாமாக் கடையில் தே தாரேக்குச் சொல்லிவிட்டு உட்காருவேன். "தம்பி, வண்டியை நிறுத்த மறந்துட்டியே!" என்று யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் குரல் கொடுப்பார். அந்தக் கேள்விக்காகவே அந்தக் கடைக்குப் போனேன் என்று சொன்னால் நம்புவீர்கள்தானே? நீங்களும் போயிருப்பீர்கள்.

இன்று என் அத்தையே டர்போ ஓட்டுகிறார். பெரோடுவா அத்திவா: 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 98 குதிரைத்திறன், டைஹாட்சு எஞ்சின். தெங்கு கிளானா சாலையில் பூ வாங்க நிறுத்துவார், டக்கென்று அணைப்பார், இறங்கிப் போவார். முள் இல்லை, காத்திருப்பு இல்லை. 2,400 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுகிறது. "இதுல டர்போ இருக்கு அத்தே" என்றேன். "அதனால ஒண்ணும் ஆகாதே? சர்வீஸ்ல எடுத்துடச் சொல்லட்டா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1979இல் நிசான் செட்ரிக், குளோரியா கார்களில் ஜப்பான் முதன்முதலாக டர்போ போட்டபோது, வேகமென்றால் முகம் சுளித்த அதிகாரிகளிடம் எரிபொருள் சிக்கனத்தைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினார்கள். டர்போ ஒழுங்காகத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டது; நடுவில் ஊர் சுற்றியது எங்களோடுதான்.

ஊர் சுற்றும் ரகம் அடியோடு போய்விடவில்லை. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் 1.6 லிட்டரில் 272 குதிரைத்திறனோடு 2020இல் வந்து, பிறகு 304 வரை போயிருக்கிறது. ஆனால் அதன் விலைக்கு வங்கி மேலாளரின் கருணை வேண்டும். பழைய ஹாஃப் கட்டுக்கே இப்போது பவிசு கூடிவிட்டது. 25 வயதான காரை அமெரிக்காவில் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால், நாங்கள் அறுத்துப்போட்டவற்றின் உடன்பிறப்புகள் முழு உடம்போடு அங்கே கப்பலேறுகின்றன. புதிய 1.5, 2 லிட்டர் எஞ்சின்கள் வருமென்று டொயோட்டா 2024இல் அறிவித்ததைப் படித்து, இந்த வயதிலும் சாப்பாட்டை ஆறவிட்டேன்.

ஹோண்டாவோ 2025இன் ஹைபிரிட் பிரெலூடில், இல்லாத கியரை மாற்றுவதுபோல் பாவனை செய்து, ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தமும் சேர்த்துத் தருகிறது. இப்படியே போனால் மின்சாரக் காருக்கு டர்போவின் தாமதத்தையும் மாதச் சந்தாவுக்கு விற்பார்கள் என்றேன் மருமகனிடம்.

"காசு குடுத்து வண்டியை லேட்டாக்குவாங்களா மாமா?" என்று சிரித்தான்.

மாதம் 20 ரிங்கிட்டுக்குள் இருந்தால் யோசிக்கலாம் என்றேன்.