கட்ட எழுத்தில் கருப்பட்டி

கேள்வி: எங்கள் கருப்பட்டிக் கடைக்குப் பழைய வீடியோ கேம் பாணியில், கட்டம் கட்டமான எழுத்தில் போர்டு வைக்கலாம் என்கிறான் மகன். எடுபடுமா?
– ஒரு வாசகர், வேம்பார்

பதில்: 'கருப்பட்டி' பாதி எடுபடும். ப, ட இரண்டும் பிறவியிலேயே நேர்க்கோட்டுப் பிள்ளைகள். 'ரு' கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஊர்ப் பெயர்தான் பெரிய வம்பு!

1980களின் கேம் மெஷின்களில் பொதுவாக ஓர் எழுத்துக்கு 8க்கு 8 புள்ளி. அந்தப் பாயில் ஆங்கிலம் காலை நீட்டிப் படுத்தது. 1984இல் மெக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் வரைந்த 'சிகாகோ' எழுத்தும் புள்ளி வைத்த கோலம்தான். நம் சுழிகளுக்கு அங்கே இடம் ஏது? 'வே'யின் கொம்பில் மேல்சுழி மங்கினால் 'வெம்பார்'. குறில் நெடிலைப் பிரிக்க வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் பட்ட பாடு வீண். புள்ளியும் போய், 'ர'வின் சாய்ந்த காலும் தேய்ந்தால், துணைக்கால் எது, 'ர' எது என்று நீங்களே தடுமாறுவீர்கள்.

அதனால் எழுத்தின் உயரத்துக்கு 16 புள்ளியாவது கொடுக்கச் சொல்லுங்கள். கடைப் பெயர், டி-சர்ட், ஸ்டிக்கர்: தாராளமாக. விலைப்பட்டியல்: கூடவே கூடாது. பாக்கெட்டில் தயாரிப்புத் தேதி அடிக்கும் மெஷின் ஏற்கெனவே மகனின் கட்சி. அதைத் தடவித்தான் படிக்கிறோம்.

எல்.இ.டி. போர்டு என்றால் இன்னும் உஷார். ஒரே ஒரு விளக்கு அவிந்தால் போதும், உங்கள் கடையில் 'கறகண்டு' கிடைக்கும்.