ஒழுகட்டும் விடுங்க!

எஞ்சின் இறக்கி வேலை பார்த்த காரில் ஆயில் ஒழுகினால் திருப்பூர்வாசிகள் பதறக் கூடாது. ஒழுகுகிறதென்றால் உள்ளே ஆயில் இருக்கிறது. இதைவிட நல்ல சேதி ஏது? "ஓடி செட் ஆகட்டுங்க" என்கிறார் மெக்கானிக். வண்டி ஓடுகிறது, ஆயிலும் ஓடுகிறது.

விவரம் கெட்டவர்கள்தான் எஞ்சினைக் கழுவி, ஓடவிட்டு, மேலிருந்து கீழாகத் தேடுவார்கள். மேலே வால்வ் கவர் பேக்கிங் கசிந்தாலும், ஆயில் கீழே வழிந்து பின்பக்க கிராங்க் சீல்மேல் பழி போட்டுவிடுமாம். நம் முறை எளிது. முதலில் சம்ப்பைக் கழற்றி மாட்டுவது, பிறகு கியர்பாக்ஸை இறக்கி சீல் மாற்றுவது, கடைசியில் மேலே நிமிர்ந்து பார்ப்பது. நடுநடுவே துடைக்கக் கிலோக்கணக்கில் பனியன் வேஸ்ட். உள்ளூர்த் தொழிலும் வாழ வேண்டாமா?

ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கடித்துக் கசிவைப் பிடிக்கும் நவீன உத்தியும் உண்டு. இதைத் திருப்பூருக்கா சொல்லித்தர வேண்டும்? நொய்யல் ஆற்றில் ஆண்டுக்கணக்காக இதே சோதனையை விளக்கே இல்லாமல் பட்டப்பகலில், பல வண்ணங்களில் நடத்தினோம். சாயம் ஒரத்துப்பாளையம் அணைவரை போய்ச் சேர்ந்தது. எங்கிருந்து கசிகிறதென்றுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகே, ஊரில் சாயப்பட்டறைகள் இருக்கும் விஷயம் பலருக்குத் தெரியவந்தது.

அந்தக் கணக்கில் நம் மெக்கானிக் படுவேகம். மூன்றாவது பில்லிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.