மஞ்சள் பெல்ட் சாதுக்கள்

ஒரு தெருவில் இருக்கும் பிள்ளைகளில் யாரிடம் அடி வாங்கும் அபாயம் மிகக் குறைவு என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: கராத்தே வகுப்புக்குப் போகிற பிள்ளையிடம். கிரிக்கெட்டில் அவுட்டை ஒப்புக்கொள்ளாதவன் மட்டையைத் தூக்குவான். டியூஷனில் பேனா தொலைத்தவள் பக்கத்து ஜடையைப் பிடிப்பாள். கராத்தே பிள்ளையோ அடிப்பதற்கு முன்னால் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும், காலை அகட்டி நிற்க வேண்டும், முஷ்டியை இடுப்பில் வைத்து மூச்சை இழுக்க வேண்டும். இத்தனை சடங்கும் முடிவதற்குள் எதிராளி நாலு சாத்து சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்க் கை கழுவி, சாப்பிட உட்கார்ந்திருப்பான். ‘ரெண்டு வருஷமா கராத்தே போறான், எதிர்வீட்டுப் பையன்கிட்ட அடி வாங்கிட்டு வர்றான்’ என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஆனால் இது பயிற்சியில் நேர்ந்த குறை அல்ல, நூறு வருஷத்துக்கும் மேலாகத் திட்டம் போட்டுச் செய்த வேலை என்பதே என் கட்சி. கராத்தே கிளப் என்பது பிள்ளைகள் ஒருவரையொருவர் அடிக்காமல் பார்த்துக்கொள்ள மனிதகுலம் செய்திருக்கும் ஏற்பாடுகளிலேயே மிகவும் ஆர்ப்பாட்டமான ஒன்று.

ஆளைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மாலை ஆறு மணி. இடம் பள்ளிக்கூட மைதானமாக இருக்கலாம், கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியாக இருக்கலாம், பூங்காவில் ஊஞ்சலுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவே கிடைத்த சிமெண்ட் தரையாகவும் இருக்கலாம். வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிய வெள்ளை டிரஸ்ஸில் கைக்கு மூன்று மடிப்பு, காலுக்கு நான்கு. பெல்ட்டை இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்ட பிறகும் முனைகள் முழங்காலைத் தொடும். உயரமாக ஓர் உதை உதைத்தால் கால்சட்டை மடிப்பு அவிழ்ந்து பாதத்தை மூடிக்கொள்ள, அடுத்த உதைக்குத் தயாராகும் வீரன் தன் துணியையே மிதித்து உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தாலும் எண்ணிக்கை தவறாது. எழுபத்தொன்பதுக்கும் எண்பத்தொன்பதுக்கும் தடுமாறுகிற பிள்ளை, ‘இச்சி, நி, சான், ஷி’ என்று பத்து வரைக்கும் தொண்டை கிழியக் கத்தும். எதிரே மாஸ்டர் நிற்பார். மற்றவர்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல் என்றால் இவருக்குக் கராத்தேதான் இனிஷியல். சென்னையின் துணை மேயராக இருந்த கராத்தே தியாகராஜன் வரைக்கும் இந்த வழக்கம் போயிருக்கிறது. சிலம்பாட்ட ஆசானுக்கு வாய்க்காத பாக்கியம் இது. மண்ணிலேயே பிறந்த கலைக்கு மரியாதை கிடைக்க ஒரு கடலாவது தாண்டி வர வேண்டும் போலிருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஒக்கினாவாத் தீவில் பெரியவர்கள் மறைவாகப் பழகிவந்த ஒரு சண்டைக் கலையை 1901 வாக்கில் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இத்தோசு அங்கோ. உயிரை எடுக்கக்கூடிய வித்தையைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியுமா? கட்டா எனப்படும் பழைய அசைவுத் தொடர்களின் அபாயமான பகுதிகளை அடக்கி, பிள்ளைகளுக்கென்றே ஐந்து கட்டாக்களை அமைத்தார். இன்றைக்கு நம் ஊர் மாடிகளில் பலவற்றில் நிறப் பெல்ட்டுகளுக்காக மனப்பாடமாகிறவை அவைதான், பெயரைச் சற்று மாற்றிக்கொண்டு. ஐந்தில் எதை எடுத்தாலும் முதல் அசைவு தடுப்புதான், குத்து அல்ல. அவருடைய மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவில் இந்தக் கலையைக் காட்டிப் புகழ் பெற்றவர். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்தவர். வெள்ளை உடுப்பையும் பெல்ட்டையும் அவர் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோவிடமிருந்து எடுத்துக்கொண்டார். மூவரின் வேலையையும் கவனியுங்கள். ஒருவர் பள்ளிகளில் கராத்தே சொல்லிக்கொடுத்தவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். வாத்தியார்கள் கையில் எது சிக்கினாலும் வரிசையில் நிற்கும், வணக்கம் சொல்லும், பரீட்சை எழுதும். சண்டையும் சிக்கியது. அது மட்டும் தப்பித்துவிடுமா?

சரி, கட்டாவை விடுங்கள், போட்டியில் நிஜமாகவே மோதுகிறார்களே என்று கேட்கலாம். குமித்தே என்கிற அந்த மோதலின் விதிகளைப் படித்தால் என் கட்சிக்கு இன்னும் பலம். ஒரு குத்துக்கு 1 புள்ளி, உடம்பை எட்டும் உதைக்கு 2, தலையை எட்டும் உதைக்கு 3. எட்ட வேண்டுமே தவிர இடிக்கக் கூடாது. வேகமாகப் போன கை தோல் அருகே வந்ததும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் புள்ளி கிடைப்பதற்குப் பதில் எச்சரிக்கை கிடைக்கும். சிறு பிள்ளைகள் ஆட்டத்தில் முகத்தைப் பொறுத்தவரை கெடுபிடி இன்னும் அதிகம். ஆகவே சிவப்புப் பெல்ட்டும் நீலப் பெல்ட்டுமாக இரண்டு பிள்ளைகள் சுடுமணலில் நிற்பதுபோல் குதித்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்கி, காற்றைக் குத்திவிட்டு, குத்து விழுந்துவிட்டது என்று நடுவரை நோக்கிக் கத்துகிறார்கள். இதன் உச்சத்தை உலகம் 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தது. 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியில் சவுதி அரேபியாவின் தாரெக் ஹமிதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். தலைக்கு ஓர் உதை விட்டார். ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே மல்லாந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். தங்கம் யாருக்கு? ஸ்ட்ரெச்சரில் போனவருக்கு. உதையை அடக்கத் தவறியவர் தகுதியிழந்து வெள்ளியோடு நின்றார். வேறெந்தச் சண்டையில் விழுந்தவன் ஜெயிப்பான்? எதிர்வீட்டுப் பையனிடம் அடி வாங்கி வந்த பிள்ளையை இனிமேல் திட்டுவதற்கு முன் இந்த முடிவைப் பெற்றோர் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

உள்ளூர்ப் போட்டியின் தாராளம் தனி. வயதால் பிரித்து, எடையால் பிரித்து, பெல்ட்டாலும் பிரித்தபின் ஒரு பிரிவில் நான்கு பேர் தேறினால் பெரிய விஷயம். கராத்தேயில் வெண்கலம் இரண்டு. ஆக ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரு வெண்கலம், கணக்கு நேர். முதல் ஆட்டத்திலேயே தோற்றவன் கழுத்திலும் பதக்கம், மறுநாள் பள்ளி அசெம்பிளியில் கைதட்டல், தெருமுனையில் ஃபிளெக்ஸ். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ரேங்க் கார்டில் முப்பத்தெட்டாவது இடத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு எங்காவது ஓரிடத்தில் மூன்றாம் இடம் கிடைப்பதால் நாட்டுக்கு என்ன நஷ்டம் என்பது எனக்குப் புரிவதில்லை.

அடுத்த ஆட்சேபம் ஓடு. ஆண்டு விழாவில் பத்து வயதுப் பிள்ளை ஓட்டை உடைக்கிறானே, மாஸ்டர் கை மேல் பைக்கை ஏற்றச் சொல்கிறாரே, இதுவா சாதுத்தனம் என்பார்கள். நன்றாகக் காய்ந்த ஓடு, இரண்டு ஓட்டுக்கு நடுவே கவனமாக விட்ட இடைவெளி, மேலே மடித்துப் போட்ட துண்டு, கீழே இரண்டு அண்ணன்மார் பிடித்திருக்கும் செங்கல். பையன் மூன்று முறை குறிபார்த்து, நான்காவது முறை கத்திக்கொண்டே இறங்குகிறான். உடைகிறது. அம்மா ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு மறு கையால் வீடியோ எடுக்கிறாள். இதுவும் என் பக்கத்துச் சாட்சிதான். தாராளமாக அடிக்கலாம், ஆனால் வீட்டுவாசலுக்கு வந்து நியாயம் கேட்க அம்மா இல்லாத பொருளை மட்டும் என்பதே அங்கே நடக்கிற பாடம்.

பெண் பிள்ளைகள் பற்றிய ஆட்சேபம் இவ்வளவு எளிதல்ல. அரசுப் பள்ளி மாணவிகளுக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தற்காப்புப் பயிற்சியாகக் கராத்தே கற்றுத்தருகிறார்கள். அதற்கென்று ஒரு தேவை இருக்கிறது, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. தோல் அருகே நிற்கிற குத்து அங்கே எதற்கு உதவும்? சில மாத வகுப்பால் ஒரு சிறுமி வளர்ந்த ஆளை வீழ்த்திவிடுவாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வகுப்பில் நடக்கிற இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘கத்தாதே, மெல்லப் பேசு, பொம்பளப் புள்ள மாதிரி இரு’ என்று விழித்தது முதல் கேட்டு வளர்கிற பெண்ணைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் ‘பத்தல, இன்னும் சத்தமா’ என்கிறார். ஒவ்வொரு குத்தோடும் அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் வர வேண்டும், வராவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும். பிடித்த கையை உதறி, ஊர் கூடக் கத்தி, ஓடத் தெரிந்தால் அதுவே பெரிய தற்காப்பு. குத்து நிற்கலாம், குரல் நிற்பதில்லை.

அப்படியானால் அடிக்கத் தெரியாத பிள்ளையை உருவாக்கவா மாதாமாதம் ஃபீஸ், டெஸ்டுக்கு டெஸ்ட் பெல்ட் காசு, இது ஏமாற்று இல்லையா? பெற்றோர் எதை வாங்க வருகிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஓர் அப்பா, ‘மாஸ்டர், இவன் வீட்ல யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குறான், நீங்கதான் அடக்கி வைக்கணும்’ என்பார். அவர் பின்னாலேயே ஓர் அம்மா, ‘சார், இவன் ரொம்ப பயந்த சுபாவம், கொஞ்சம் தைரியம் வர்ற மாதிரி பண்ணுங்க’ என்பார். இருவருக்கும் மாஸ்டர் கொடுக்கிற மருந்து ஒன்றே: மைதானத்தைப் பத்துச் சுற்று, ஐம்பது குத்து, ஐம்பது உதை. இரவு எட்டு மணிக்கு இரண்டு பிள்ளைகளும் சோறு தின்று, சொன்னபடி கேட்டு, அடித்துப் போட்டாற்போல் தூங்குகின்றன. ஒருவர் பிள்ளை அடங்கிவிட்டான் என்றும், இன்னொருவர் தெளிந்துவிட்டான் என்றும் நம்பி அடுத்த மாத ஃபீஸைத் தேதி தவறாமல் கட்டுகிறார்கள். சண்டை வீரனை யாரும் ஆர்டர் செய்யவேயில்லை. வெள்ளையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நிறம் மாறுவதும் அதற்குத்தான். ஆறு மாதம் சொன்னபடி கேட்டதற்கு இடுப்பில் கட்டிக்கொள்ள ஓர் அத்தாட்சி. ஒரே வருஷத்தில் கறுப்பு பெல்ட் என்று விளம்பரம் போடுகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. சுவரில் புரூஸ் லீ படத்தை மாட்டி வைத்திருப்பதைக்கூட மன்னித்துவிடலாம், அவர் பயின்றது விங் சுன் என்கிற சீனக் கலைதான் என்றாலும்.

இவ்வளவு அடக்கமான ஏற்பாட்டில் நிஜமான அடிதடியே இல்லையா என்றால், இருக்கிறது, பெரியவர்களுக்குள். கேலரியிலிருந்து ‘ரெஃப்ரீ, அது மூணு பாயிண்ட்’ என்று கத்துகிற அப்பாவிடம் தொடங்கி அது சங்கங்கள் வரைக்கும் போகும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்றுக்கு இரண்டாகச் சங்கம், எல்லாச் சான்றிதழிலும் சிங்க முத்திரை, ஒருவர் கொடுத்த பெல்ட்டை இன்னொருவர் செல்லாது என்பார். உட்சண்டை முற்றி, 2020-ல் தேசிய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே இந்திய ஒலிம்பிக் சங்கம் ரத்து செய்தது. முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்ற விதி கறுப்பு பெல்ட்டுக்கு மேலே போனதும் தளர்ந்துவிடும் போலும்.

பிள்ளைகளுக்கு இந்த அரசியல் எட்டுவதற்கு முன்பே அவர்களுடைய ஆட்டம் முடிந்துவிடுகிறது. இத்தனை நிறங்களையும் தாண்டி வந்தவனைத் தமிழ்நாட்டில் தவறாமல் வீழ்த்துகிற எதிராளி ஒருவர்தான், பத்தாம் வகுப்பு. பழுப்பு பெல்ட்டோடு நிற்கிறவனை ஒரு ஜூன் மாதம் அப்பா அழைத்துவந்து, ‘ஒரு வருஷம் மட்டும் மாஸ்டர், பப்ளிக் முடிஞ்சதும் வந்துடுவான்’ என்பார். பின்னாலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட் வரிசையாக நிற்பது மாஸ்டருக்குத் தெரியாதா? ‘அதனால என்ன சார், படிப்பு முக்கியம்’ என்று தலையாட்டிக்கொண்டே, காலியாகும் இடத்துக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து யாரைச் சேர்க்கலாம், அவனுக்கு எந்த சைஸ் டிரஸ் சொல்வது என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.