ஒரிஜினல் பேர்வழி

வீட்டில் குழாய் சொட்டினால் பிளம்பருக்குப் போன் போடுவார். ஃபேன் மெதுவாகச் சுற்றினால், "வெயில் காலத்துல அப்படித்தான் சுத்தும்" என்பார். மிக்ஸி ஜாரின் மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று மனைவியிடம் கேட்பார். நாற்பத்தைந்து வயதுவரை எந்த ஆயுதத்தையும் கையில் எடுக்காமல் வாழ்ந்த அந்த அகிம்சாமூர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் ஒரு பழைய புல்லட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்காருகிறார். இன்ஜினை இறக்கப்போகிறாராம்.

நங்கநல்லூர், பெரம்பூர், அம்பத்தூர் என்று சென்னையில் பேட்டைக்கு ஒருவராவது இப்படித் தேறுவார். பெரும்பாலும் வங்கி உத்தியோகம், இல்லாவிட்டால் ஐ.டி. இருபது வருஷமாக மெயிலுக்கு மெயில் பதில் போட்டவர். 'இதோ நான் செய்தது' என்று தொட்டுக் காட்ட உலகத்தில் இவருக்கு ஒரு சாமானும் கிடையாது. இந்தக் குறை மனிதனை என்னென்னவோ செய்ய வைக்கும். சிலர் மொட்டைமாடியில் கத்தரிக்காய் போடுகிறார்கள். அது தேவலை. கத்தரிக்காய்க்கு ஆர்.சி. புக் கிடையாது.

வண்டி கிடைப்பது எப்போதும் ஊர்ப்பக்கம்தான். யாரோ தூரத்து உறவில் பெரியப்பா ஓட்டியது. அவர் போன பிறகு மாட்டுக்கொட்டகையில் சாத்தியபடி கிடந்திருக்கும். சீட்டில் கோழி அடைகாத்திருக்கும். ஒரு 'குட்டி யானை' மினி லாரியைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கும்போது, தெருவே கூடி நின்று பார்க்கும். மனைவி ஒரே வரியில் மதிப்பீடு செய்வார்: "என்னங்க, பேரீச்சம்பழத்துக்குப் போடுற சாமானைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

அந்தம்மாளுக்கு வரலாறு தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் விடமாட்டார் நம் பேர்வழி. சாப்பாட்டு மேஜையில் பாடம் நடக்கும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் இந்த வண்டியைக் கேட்டது. 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. அப்புறம் திருவொற்றியூர்த் தொழிற்சாலை. 1970 வாக்கில் சீமையில் தாய்க் கம்பெனியே படுத்துவிட்டது. திருவொற்றியூர் மட்டும் நிறுத்தாமல் வண்டி செய்துகொண்டிருந்தது. "புரியுதா? இது நம்ம மெட்ராஸ் வண்டி!" என்று முடிப்பார். "மெட்ராஸ் வண்டிக்கு எதுக்குங்க ஊர்லேர்ந்து லாரி வாடகை?" என்று பதில் வரும்.

கழற்றுவதில் நம் ஆளை மிஞ்ச முடியாது. ஒரே வாரத்தில் வண்டி வண்டியாக இல்லாமல் போய்விடும். கழற்றும்போதே ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். பிறகு பார்த்தால், பாதிப் படங்களில் அவருடைய கட்டைவிரலும் மீதிப் படங்களில் இருட்டும் இருக்கும். போர்ட்டிகோவிலிருந்து துரத்தப்பட்ட கார் தெருவோர வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கும். உள்ளே, துருப்பிடித்த பாகங்கள் மண்ணெண்ணெய் வாளியில் வடுமாங்காய்போல ஊறும். நட்டும் போல்ட்டும் அளவுவாரியாக இட்லித் தட்டின் குழிகளில் உட்கார்ந்திருக்கும். அது பழைய இட்லித் தட்டு என்பது அவர் வாதம். புதுசு எங்கே என்று கேட்டால், அதில் வாஷர் இருக்கிறது.

சமையலறைக்கும் கேரேஜுக்கும் எல்லைத் தகராறு முற்றுவது பேரிங் மாற்றும் கட்டத்தில்தான். கிராங்க் கேஸைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிரவைத்தால், ஒன்று விரிந்து ஒன்று சுருங்கி, சுத்தியலே இல்லாமல் உள்ளே இறங்கிவிடும். இது சரியான முறைதான், பட்டறைகளிலும் செய்வதுதான். பட்டறையில் ஃப்ரிட்ஜ் பொதுச்சொத்து இல்லை என்பதுதான் வித்தியாசம். தமிழ்நாட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்காது என்பது குழந்தைக்கும் தெரியும். மாவோ கறிவேப்பிலையோ இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறந்த பிள்ளை, கிரீஸ் காகிதத்தில் சுற்றிய பேரிங்கைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டது. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டது தயிர்சாதம் மட்டும்.

ஸ்பேனர் விஷயம் தனிச் சோகம். பழைய புல்லட் இங்கிலாந்துக்காரன் வரைந்த வண்டி. நட்டு, போல்ட்டு எல்லாம் அவன் அங்குலக் கணக்கு. கடையில் ஆசையாக வாங்கிய மில்லிமீட்டர் செட்டில் 13 ஏறாது, 14 ஆடும். ஆடுகிற ஸ்பேனரை வைத்து முக்கித் திருப்பினால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு உளிதான். இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கவென்றே எல்லா வண்டியிலும் ஒரு நட்டு இருக்கிறது.

பிறகு புதுப்பேட்டை. கூவம் கரையில் அந்தச் சந்துகளுக்குள் நுழைந்தால் உலகத்தில் உடைந்த எந்த வண்டியின் கதவையும் கைப்பிடியையும் பார்க்கலாம். அங்கே முதல் தடவை இஸ்திரி போட்ட சட்டையோடு போய், சர்வீஸ் மேனுவலில் இருந்த பாக எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டினார். கடைக்கார பாய் சீட்டைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். விலை சொன்னார். மறுபடி போனபோது, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கிரீஸைக் கையிலும் சட்டையிலும் தடவிக்கொண்டு, "பாய், அந்த கிளட்சு உள்ளாற போற குச்சி ஒண்ணு குடு" என்றார். விலை பாதியாகிவிட்டது. சர்வீஸ் மேனுவலில் இல்லாத ஒரு விஷயத்தை இவர் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். இரண்டாவது, டீ வந்தால் மறுக்கக் கூடாது. மறுத்தால் 'ஸ்டாக் இல்ல சார்'.

இனி நோயின் முக்கிய அறிகுறிக்கு வருகிறேன். ஒரிஜினல்! எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, "ஒரிஜினல்தானா?" என்பார். ஹெட்லைட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் புலிக்கண் விளக்கு, ஆம்பியர் மீட்டர், நியூட்ரலுக்கு மிதிக்கும் தனி லீவர், எல்லாமே கம்பெனிச் சாமானாக இருக்க வேண்டும். சினிமா எடுப்பவர்கள் இவரிடம் மாட்டினால் தொலைந்தார்கள். கதை 1970-இல் நடக்கிறது. நாயகன் கண்ணீரோடு ஊரைவிட்டுப் போக புல்லட்டில் ஏறுகிறான். அரங்கமே மூக்கை உறிஞ்சுகிறது. இவர் மட்டும் உரக்க, "இடது காலால கியர் போடறான் பாரு! அந்த வருஷத்துல கியர் வலது பக்கம்டா!" என்பார். குடும்பத்தார் இப்போதெல்லாம் இவரை விட்டுவிட்டுப் படத்துக்குப் போகிறார்கள்.

டேங்கில் தங்கக் கோடு போடுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. திருவொற்றியூரில் அந்தக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே போட்டார்கள். ஒரே இழுப்பு, நடுக்கமில்லாமல் வரும். ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று சொன்ன பெயிண்டரைப் பாவியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, நம் ஆள் தாமே தூரிகை எடுத்தார். கோடு புறப்பட்ட இடத்தில் தங்கமாக இருந்தது. நடுவில் காஞ்சிபுரம் போய்விட்டு வந்தது. "கையால போட்டதுன்னா அப்படித்தான் இருக்கும். அதான் ஒரிஜினல்" என்று சொல்லிவிட்டார்.

இவருக்குக் குலதெய்வம் ஒருவர் உண்டு. நியூசிலாந்துக்காரர், பெயர் பர்ட் மன்றோ. 1920-இல் வாங்கிய 'இந்தியன் ஸ்கவுட்' வண்டியை (அமெரிக்கக் கம்பெனிதான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்) இன்வர்கார்கில் ஊரில் தன் கொட்டகையில் வைத்து வாழ்நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்தார். பிஸ்டனைக்கூடத் தாமே உருக்கி வார்த்தார். 1967-இல், அறுபத்தெட்டு வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் அதே வண்டியை மணிக்கு 183 மைலுக்கும் மேலே விரட்டி, 1000 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளில் சாதனை படைத்தார். உடைந்த பாகங்களை எல்லாம் வேகத் தெய்வத்துக்குப் படையல் என்று எழுதி அலமாரியில் அடுக்கியிருந்தாராம். நம் ஆளும் ஒரு அலமாரி வைத்திருக்கிறார். மன்றோவின் அலமாரியில் இருந்தவை வேகத்தில் உடைந்தவை. இவருடையவை கழற்றும்போதே உடைந்தவை. ஆனால் அடுக்கிய நேர்த்தியில் குறை சொல்ல முடியாது.

தெருமுனை மெக்கானிக்கோடு இவருக்கு ஒரு பனிப்போர் உண்டு. மெக்கானிக்குக்குக் காதுதான் கருவி. நாலு கடை தள்ளி வரும் வண்டிக்கு, "டேப்பட் லூஸு" என்று தலை நிமிராமல் சொல்வார். பாயிண்டுக்கு இடைவெளி வைக்க விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பார். நம் ஆள் ஃபீலர் கேஜ் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, 0.015 அங்குலம் என்று வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். அதற்கப்புறமும் வண்டி கிளம்பாது. இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், நான் ஃபீலர் கேஜ் பக்கம்தான். ஆனால் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றால் விசிட்டிங் கார்டு பக்கம்.

எல்லாம் பூட்டி முடித்து, ஒரு நல்ல நாளில் முதல் உதைக்குத் தெரு கூடியது. பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு பூஜை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பார்க்க வேண்டும். டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் முழுக்க உதைக்க வேண்டும். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். நீண்ட ஸ்ட்ரோக் இன்ஜின். அவசரப்பட்டு டைமிங் முந்தி வைத்தவனை அது திருப்பி உதைக்கும். உதைத்தது. ஒரு வாரம் கெண்டைக்காலில் எண்ணெய் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். அங்கே, ஜிம் என்றார்.

பிறகு ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல், தெருவிளக்கு எரியாத சமயம் பார்த்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கண்டன்சர் அவுட் சார்" என்றார். பையிலிருந்து ஆட்டோ கண்டன்சர் ஒன்றை எடுத்து மாட்டினார். வண்டி டுப்பு டுப்பு என்று பேச ஆரம்பித்தது. நம் ஆளுக்கு ஒரு கண்ணில் ஆனந்தக் கண்ணீர், மறு கண்ணில் வேறு. "ஆனா இது ஒரிஜினல் இல்லியே?" "ஒரிஜினல் வேணும்னா கழட்டிர்றேன் சார். வண்டி நிக்கும்." அந்த ஆட்டோ கண்டன்சர் இன்றைக்கும் டேங்குக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கிறது. கீழே ஆயில் சொட்டுவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் கவலைப்படாமல், "சொட்டலைன்னாதான் பயப்படணும், உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்" என்பார். இது புல்லட்காரர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

ஆர்.டி.ஓ. படலத்தை நான் சுருக்கிவிடுகிறேன், அவர் சுருக்கமாட்டார். சேஸிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது, பெரியப்பாவின் வாரிசுகள் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கியது என்று இரண்டு பில்டர் காபி நேரம் ஆகும். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டி, உருமாற்றம் செய்யாமல் இருந்தால் 'வி.ஏ.' எழுத்தோடு தனி எண். புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய். கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு என்று போகலாமே தவிர அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. இதைப் படித்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை மனைவி கவனித்தார். அன்றாடம் ஓட்ட முடியாத வண்டிக்கு அன்றாடம் ஓட்டத் தடை!

ஆனாலும் பெட்ரோல் போடப் போகலாமே. ஒரு ஞாயிறு காலை கிளம்பினார். டீக்கடையில் நிறுத்தியதுமே ஒரு பையன் வந்து, "என்ன மைலேஜ் குடுக்குது அங்கிள்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு இவர் பதில் சொல்வதில்லை. அப்போது டீ கிளாஸோடு ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, டேங்கைத் தடவிப் பார்த்தார். பழைய வண்டி எங்கே நின்றாலும் இப்படி ஒரு பெரியவர் வருவது நிச்சயம்.

"நானும் வச்சிருந்தேன் தம்பி. எண்பத்தி நாலுல ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குடுத்துட்டேன்."

நம் ஆள் சாவு சேதி கேட்டவர்போலத் தலையை ஆட்டினார். சம்பிரதாயத்துக்கு ஒரு கணம் மௌனம். அப்புறம், "ஐயா, அப்ப கழட்டிப் போட்ட சாமான் ஏதாச்சும் வீட்டுல கெடக்குங்களா?"

"பரண்ல ஒரு சைலன்சர் கெடந்தது. வாங்களேன், பார்த்துடலாம்."

வண்டி கிளம்பவில்லை. முள் நடுவுக்கு வந்தது, டீகம்ப்ரஸர் பிடித்தார், உதைத்தார், மறுபடியும் உதைத்தார். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். பெரியவர் கிளாஸைக் கீழே வைத்து, வேட்டியைத் தூக்கிக் கட்டி, ரப்பர் செருப்புக் காலால் கிக்கரை ஒருமுறை அசைத்துப் பார்த்து, ஒரே ஒரு உதை விட்டார். கிளம்பிவிட்டது. அவரே ஓட்ட, நம் ஆள் பின்னால் உட்கார்ந்து போனார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், இன்ஜின் சூடாக இருக்கும்போதும் வண்டி ஒரே கிக்கில் கிளம்பிய கதையைச் சொன்னார். கிக் யாருடையது என்ற பேச்சே எழவில்லை, ஏனென்றால் மனைவி அவர் கையில் இருந்த துருப்பிடித்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வண்டிக்குத்தான் சைலன்சர் மாட்டியாச்சே?"

"இது புல்லட்டோடது இல்ல. அவர் ஜாவாவும் வச்சிருந்தாராம். மைசூர்ல செஞ்ச வண்டி. ஒரிஜினல்."

"நம்மகிட்ட ஜாவா ஏதுங்க?"

"ஜாவாவுக்கு ரெண்டு சைலன்சர் உண்டு," என்றார் அவர், இட்லித் தட்டைத் தேடிக்கொண்டே. "ஒண்ணு கெடைச்சிருச்சு."