கூரையை மடக்குங்க, வால்பாறை ஏறலாம்!

வாசகர், ஆனைமலை: ரெண்டே சீட்டு, மழை வந்தா நனையோணும். பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்ல அப்படி என்னங்க இருக்குது?

உங்க ஊர்ப் பக்கம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே ஓட்டினால் தெரியும். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் 700 கிலோகூட இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டால் திரும்பும். தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் நாற்பதில் போனாலே பறக்கிற மாதிரி இருக்கும். தேயிலை வாசம் இலவசம்.

வாசகி, சிங்காநல்லூர்: அது வெள்ளைக்காரன் வண்டி. நமக்கென்ன சம்பந்தம்?

ரத்த சம்பந்தம்! டிரயம்ப் ஸ்பிட்ஃபயரின் சேஸி, ஹெரால்டு காருடையதிலிருந்து வந்தது; நீளத்தைக் குறைத்தார்கள். அதே ஹெரால்டைத்தான் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்தது. அந்த பானெட் ஞாபகம் இருக்கா? மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முழுசாகச் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றுவார். ஸ்பிட்ஃபயரிலும் அப்படியே.

வாசகர், ஈரோடு: எம்.ஜி. சைபர்ஸ்டர்தான் வந்துடுச்சே?

2025-இல் இந்தியாவுக்கு வந்தது. மின்சார வண்டி, விலை முக்கால் கோடியை ஒட்டி. வேகத்தில் குறையே இல்லை. ஆனால் எடை கிட்டத்தட்ட இரண்டு டன். 1962 முதல் 1980 வரை வந்த பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் எம்.ஜி.பி. அதில் பாதிதான். பெயர் திரும்பி வந்திருக்கிறது, வண்டி வரவில்லை என்பேன். எலானை முன்மாதிரியாக வைத்து 1989-இல் மஸ்தா எம்எக்ஸ்-5 செய்த ஜப்பான்காரர்களுக்குத்தான் சூட்சுமம் பிடிபட்டது. 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்டார்கள்.

வாசகர், பீளமேடு: நம்மாளுங்க செய்யமாட்டாங்களா?

கோவா சான் மோட்டார்ஸ் 1998-இல் சான் ஸ்டார்ம் கொண்டுவந்தது: ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின். நிலைக்கவில்லை. கோயம்புத்தூர் கதை வேறு. சாதாரணக் காரின் உதிரிபாகத்தை எடுத்து, எடையைக் குறைத்து, ஓட்டச் சுகமான வண்டி செய்வதுதான் பிரிட்டிஷ் ரோட்ஸ்டரின் அடிப்படை. இந்த ஊர் லட்சுமி மில்ஸ் குடும்பத்து கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைச் செய்தது இதே வழியில்தான். 1995-இல் விமான விபத்தில் அவர் போனது நமக்குப் பேரிழப்பு. செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர். பவுண்டரியும் லேத்துப் பட்டறையும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் கோயம்புத்தூர். ரோட்ஸ்டருக்கு மறுபிறப்பு உண்டென்றால் அதை இங்கே செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

வாசகர், பொள்ளாச்சி: தாத்தாவோட ஹெரால்டு தொழுவத்துல நிக்குது. என்ன பண்றதுங்க?

எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! வயது 50 தாண்டியிருந்தால், 2021 விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் ‘விஏ’ இருக்கும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே வெல்டிங்காரரை அழைக்கும் முன் விதியைப் படியுங்கள். தினமும் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு எடுக்கலாம்.